மஞ்சள் பையும் மெக்னீசியம் டப்பாவும்

பெரியம்மா தன் மாத்திரைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருப்பார். ஏதோ ஒரு கல்யாணத்தில் தாம்பூலத்தோடு வந்த பை. மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில், திருக்கனூர்ப் பக்கம் அவர் வீடு. போன மாசியில் போயிருந்தபோது பையை எடுத்து வந்து திண்ணையில் கவிழ்த்துக் கொட்டினார். பிரஷர் மாத்திரை ஓர் அட்டை. சுகர் மாத்திரை இரண்டு விதம். கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் விழுங்குகிற கேஸ் கேப்சூல். இவற்றோடு புதிதாக ஒரு வெள்ளை டப்பா. பாரிசில் இருக்கும் பேரன் லீவுக்கு வந்தபோது கொண்டு வந்தது. மேலே பிரெஞ்சு எழுத்து, ஓர் அலையின் படம். கடல் மெக்னீசியம், 300 மில்லிகிராம், கூடவே வைட்டமின் பி6.

"நெஞ்சு ஒரு வாட்டி எகிறிப் போடுது தம்பி. அப்புறம் சும்மா நிக்குது. நின்னே போச்சோன்னு பயந்துக்கறேன். திரும்ப திக்குன்னு ஒண்ணு அடிக்குது. மெடிக்கல்ல கேட்டா கேஸுன்றாங்க. பேரன் இதைப் போடுன்றான். எதுத்த வீட்டு டீச்சர் இது வேணாம், கிளைசினேட்டுனு ஒண்ணு இருக்கு, அதுதான் நெஞ்சுக்கு நல்லதுன்றாங்க. எதைப் போடலாம், நீ சொல்லு."

எந்த மெக்னீசியம் என்ற இந்தக் கேள்வி இன்று பல வீடுகளில் கேட்கிறது. அதற்குப் பதில் உண்டு, இந்த அத்தியாயத்தில் பின்னால் வருகிறது. ஆனால் அதற்கு முன்னால் கேட்கவேண்டிய இரண்டு கேள்விகள் திண்ணையில் கொட்டிக் கிடந்த அந்த அட்டைகளுக்குள்ளேயே இருந்தன. நெஞ்சில் நடப்பது என்ன? உடம்பில் மெக்னீசியம் குறைந்திருந்தால் அது எந்த வழியாக வெளியே போகிறது?

முதல் கேள்விக்கு விரல் போதும். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும். அவசரப்பட்டு பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் பிடிபடாது. பெரியம்மாவின் நாடி ஒழுங்காக நடந்தது. ஏழெட்டு அடிக்கு ஒருமுறை, ஒன்று முந்திக்கொண்டு மெல்லியதாக வந்தது. பிறகு ஓர் இடைவெளி. அதன் பின் வந்த அடி பலமாக விரலில் இடித்தது. மருத்துவத்தில் இதைக் கூடுதல் துடிப்பு என்கிறார்கள். இதயத்துக்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் கணு ஒன்று மேலறையில் இருக்கிறது. அதன் முறை வருவதற்கு முன்பே வேறோர் இடத்துத் தசை அவசரப்பட்டுத் துடித்துவிடுகிறது. அந்த நேரத்தில் கீழறை முழுதாக நிரம்பியிருக்காது, அதனால் அந்த அடி கையில் மெல்லியதாகவே தெரிகிறது, சில சமயம் தெரிவதே இல்லை. அடுத்த அடிக்குள் வழக்கத்தைவிட அதிக ரத்தம் சேர்ந்துவிடுகிறது, ஆகவே அது நெஞ்சை உதைக்கிறது. பெரியம்மாவைப் பயமுறுத்திய "நின்னே போச்சு" என்பது அந்த இடைவெளிதான். நல்ல இதயம் உள்ளவர்களுக்கும் ஒரு நாளில் இப்படிச் சில துடிப்புகள் வந்து போகும். பெரும்பாலோர் அதை உணர்வதே இல்லை.

இன்னொரு வகை உண்டு. நாடி தொடக்கம் முதல் கடைசிவரை தாறுமாறாக ஓடும். வறுசட்டியில் நெல் பொரிவதைப் போல, எந்த இரண்டு பொரிக்கும் நடுவிலுள்ள நேரம் ஒன்றாக இராது. மேலறை துடிக்காமல் நடுங்குவதால் வருவது இது. பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கி உறையும், அந்த உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஊர் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1991-இல் சொன்னது. நம் பக்கத்தில் சிறுவயதுத் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆபத்து அதைவிடவும் பல மடங்கு. இவர்களுக்குத் தேவை ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து. மெக்னீசியம் அந்த வேலையைச் செய்யாது. நாடி இப்படித் தாறுமாறாக ஓடினாலோ, படபடப்போடு மயக்கம், மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி இருந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ, டப்பா எதையும் திறக்காமல் முதலில் ஒரு ஈசிஜி எடுத்துவிடவேண்டும். இதை நான் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மாத்திரை பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்ட மூன்று மாதம் அந்த ஈசிஜி தள்ளிப்போன மூன்று மாதமாகிவிடக் கூடாது.

சரி, மெக்னீசியத்துக்கும் தாளத்துக்கும் என்ன தொடர்பு?

வளர்ந்த ஒருவர் உடம்பில் மெக்னீசியம் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதில் பாதிக்கு மேல் எலும்பில், மிச்சம் தசைகளிலும் மற்ற உறுப்புகளிலும். ஒவ்வொரு இதயத் தசை உயிரணுவின் சுவரிலும் பம்பு போன்ற ஓர் அமைப்பு சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுத்தபடியே இருக்கிறது. மெக்னீசியம் இல்லாமல் அந்தப் பம்பு ஓடாது. கால்சியம் உள்ளே வரும் வாசலில் கூட்டம் அதிகமாகாமல் நிறுத்திப் பிடிப்பதும் மெக்னீசியம்தான். அது குறைந்தால் உயிரணுவுக்குள் பொட்டாசியம் குறைகிறது, கால்சியம் கூடுகிறது, தசை தன் முறைக்குக் காத்திராமல் துடிக்கத் தயாராகிவிடுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. சிறுநீரகத்தில் பொட்டாசியம் வெளியேறும் துளைகளை மெக்னீசியம் பாதி அடைத்து வைத்திருக்கிறது. மெக்னீசியம் குறைந்தால் அந்த அடைப்பு விலகி, பொட்டாசியம் சிறுநீரில் ஓடுகிறது. அப்போது எத்தனை பாட்டில் பொட்டாசியம் மருந்து குடித்தாலும் அளவு ஏறாது. மெக்னீசியத்தைச் சரிசெய்த பிறகே ஏறும்.

வயலில் இதே தனிமத்தை நம் ஆட்கள் வேறு உருவில் அறிவார்கள். இலையின் பச்சையத்தின் நட்டநடுவில் உட்கார்ந்திருப்பது ஒரு மெக்னீசிய அணு. அது குறைந்தால் கீழே இருக்கும் பழைய இலைதான் முதலில் காட்டிக் கொடுக்கும்: நரம்பு பச்சையாகவே இருக்க, நரம்புக்கு நடுவே வெளுத்துப்போகும். பயிர் பழைய இலையிலிருந்து உருவி இளம் இலைக்குக் கொடுத்துவிடுகிறது. மனித உடம்பும் ஏறக்குறைய இதையே செய்கிறது. ரத்தத்தில் அளவு குறையத் தொடங்கினால் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டுகிறது. ஆகையால் ரத்தப் பரிசோதனை ஒரு மோசமான சாட்சி. மொத்த மெக்னீசியத்தில் நூறில் ஒரு பங்குகூட ரத்த நீரில் இல்லை. அளவு குறைவு என்று வந்தால் நம்பலாம், உண்மையிலேயே குறைவு. சரியாக இருக்கிறது என்று வந்தால், சேமிப்பும் சரியாக இருக்கிறது என்று பொருள் இல்லை.

மெக்னீசியத்துக்கு இதய மருந்து என்ற பெயர் வந்தது மாத்திரையால் அல்ல, ஊசியால். 1966-இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபிரான்சுவா தெசெர்தென் ஈசிஜி தாளில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். கீழறையின் வேகத் துடிப்புகள் ஒரு கோட்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டு, கூர்முனைகள் மேலும் கீழும் மாறி மாறிப் போயின. முறுக்கிய கூர்முனைகள் என்ற பொருளில் 'தொர்சாத் தெ புவேந்த்' என்று பெயர் வைத்தார். உலகமெங்கும் மருத்துவர்கள் இன்றும் அந்தப் பிரெஞ்சுப் பெயரையே சொல்கிறார்கள். சில நிமிடத்தில் உயிரை எடுத்துவிடக்கூடிய தாளம் அது. 1988-இல் இஸ்ரேல் மருத்துவர்கள் அதற்கு மெக்னீசியம் சல்பேட்டை ரத்தக் குழாயில் ஏற்றி, பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடங்களில் அது அடங்கியதைப் பதிவு செய்தார்கள். இன்றுவரை அதற்கு முதல் மருந்து அதுவே, 2 கிராம்.

அந்த வெற்றியின் வேகத்தில் மாரடைப்பு வந்த எல்லோருக்கும் ஏற்றிப் பார்த்தார்கள். 1992-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் 2,316 பேரிடம் நடந்த ஆய்வில் முதல் நான்கு வார இறப்பு 24 சதவீதம் குறைந்தது. மருத்துவ உலகம் துள்ளியது. மூன்றே ஆண்டுகளில் 58,050 பேரிடம் நடந்த மாபெரும் ஆய்வு வந்தது. பயன் எதுவும் இல்லை. ஏற்றிய நேரம் தாமதம் என்று வாதம் எழுந்தது, அதைத் தீர்க்க 2002-இல் 6,213 பேரிடம் சீக்கிரமே ஏற்றிப் பார்த்தார்கள். அப்போதும் இல்லை. மெக்னீசியம் பற்றி யார் எதை உறுதியாகச் சொன்னாலும் எனக்கு இந்தப் பத்தாண்டுக் கதை நினைவுக்கு வந்துவிடும். சிறிய ஆய்வு தந்த பெரிய நம்பிக்கையைப் பெரிய ஆய்வு திரும்ப வாங்கிக்கொண்டது.

அதே 2002-இல் இன்னோர் இடத்தில் அது அசைக்கமுடியாமல் வென்றது. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் நிலையிலிருந்த 10,141 பெண்களிடம், 33 நாடுகளில் நடந்த ஆய்வில், மெக்னீசியம் சல்பேட் வலிப்பு வரும் ஆபத்தைப் பாதியாக்கியது. பிரசவ வார்டில் இந்த ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை மருந்து கொடுப்பதற்கு முன்பும் நர்ஸ் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்ப்பார். கால் துள்ளுகிறதா? மூச்சு நிமிடத்துக்கு எத்தனை? பையில் சிறுநீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது? கால் துள்ளாவிட்டால் அடுத்த ஊசி கிடையாது, பக்கத்தில் முறிவுக்குக் கால்சியம் ஊசி தயாராக இருக்கும். மெக்னீசியம் மிகுந்தால் நரம்பு தசைக்குச் சொல்வது நின்றுபோகும், அதற்கப்புறம் மூச்சும் இதயமும். டப்பாவில் அலை படம் போட்டு விற்கும் பொருளுக்கும் அந்தச் சுத்தியலுக்கும் உறவு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

விழுங்கும் மாத்திரைக்கு வருவோம். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரில் அரசு ஊட்டச்சத்து ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. அங்கே மாதவிடாய் நின்ற பெண்கள் சிலரை மாதக்கணக்கில் தங்கவைத்து, ஒவ்வொரு கவளத்தையும் நிறுத்துக் கொடுத்து, மெக்னீசியம் மட்டும் குறைத்தார்கள். 2007-இல் வெளிவந்த முடிவில், ஐந்து பேருக்கு இதயத் தாளம் மாறியிருந்தது. மூவருக்கு மேலறை நடுக்கமே வந்துவிட்டது. மெக்னீசியம் கொடுத்ததும் அது விரைவில் அடங்கியது. பத்துப் பதினைந்து பேரை வைத்துச் செய்த ஆய்வுதான், ஆனாலும் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. குறைந்தால் தாளம் தப்பும், நிரப்பினால் திரும்பும் என்பதை ஒரே ஆளின் உடம்பில் முன்னும் பின்னும் காட்டியது.

குறைவு இல்லாதவருக்கு அதிகமாகக் கொடுத்தால்? 1997-இல் ஜெர்மனியில் கூடுதல் துடிப்பு நிறைய உள்ள 232 பேருக்கு மெக்னீசியமும் பொட்டாசியமும் மூன்று வாரம் கொடுத்தார்கள். துடிப்புகள் சுமார் 17 சதவீதம் குறைந்தன. ஆனால் அவர்கள் நெஞ்சில் உணர்ந்த தொல்லை மாறவில்லை. பிரேசிலில் 2012-இல் படபடப்பு உள்ள 60 பேரிடம் ஒரு மாதம் மெக்னீசியம் பிடோலேட் கொடுத்தபோது பலருக்குத் துடிப்பும் தொல்லையும் நன்றாகவே குறைந்தன. ஒன்று கொஞ்சம், ஒன்று நிறைய, இரண்டும் சின்ன ஆய்வுகள். ஃபிராமிங்காமில் 3,530 பேரை இருபது ஆண்டு வரை கவனித்ததில், ரத்த மெக்னீசியம் மிகக் குறைவாக இருந்த கால்பங்குப் பேருக்கு மேலறை நடுக்கம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: பற்றாக்குறை உள்ளவருக்கு இது மருந்து. இல்லாதவருக்கு, ஒருவேளை, சிறு உதவி.

இப்போது திண்ணைக்குத் திரும்பவேண்டும். பெரியம்மாவின் உடம்பில் மெக்னீசியம் எங்கே ஒழுகுகிறது?

கேஸ் கேப்சூலை முதலில் எடுத்தேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் முழங்கால் வலிக்கு ஊசியும் மாத்திரையும் கொடுத்தபோது, வயிறு புண்ணாகாமல் இருக்க இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தது. வலி மாத்திரை நின்றுவிட்டது, கேப்சூல் நிற்கவில்லை. அட்டை தீர்ந்ததும் காலி அட்டையைக் காட்டி அடுத்தது வாங்கிக்கொள்வார். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மருந்துகள் இவை. நெடுநாள் போட்டால் குடலில் மெக்னீசியம் உள்ளே நுழையும் வாசல் மந்தமாகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011 மார்ச்சில் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் போட்டவர்களுக்கு, அபூர்வமாக மூன்று மாதத்திலேயே. அந்த எச்சரிக்கையில் ஒரு வரி என் மனதில் நின்றுவிட்டது. பதிவானவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மெக்னீசியம் கொடுத்தும் அளவு ஏறவில்லை, கேப்சூலை நிறுத்தவேண்டியதாயிற்று. அண்டாவின் அடியில் ஓட்டையை வைத்துக்கொண்டு மேலே எந்தக் குடத்தால் ஊற்றலாம், பித்தளைக் குடமா பிளாஸ்டிக் குடமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கேப்சூலில் கூடவே டோம்பெரிடோனும் இருந்தது. நம் ஊரில் இந்த இரட்டைச் சேர்க்கை மிகச் சாதாரணம். டோம்பெரிடோன் இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும் நேரத்தை நீட்டக்கூடியது. அந்த நீட்சியில்தான் தெசெர்தென் பார்த்த முறுக்கு பிறக்கிறது. 2014-இல் ஐரோப்பிய மருந்து அமைப்பு அதை வாந்தி, குமட்டலுக்கு மட்டும், குறைந்த அளவில், வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் தரவேண்டும் என்று கட்டுப்படுத்தியது. மெக்னீசியத்தைக் குறைக்கும் மருந்தும், குறைந்த மெக்னீசியத்தில் ஆபத்தாகும் மருந்தும் ஒரே கூட்டுக்குள் இருப்பதை யாராவது அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். படபடப்புக்கு "கேஸ்" என்று சொல்லி அதையே தொடரச் சொல்வது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

அடுத்து நீர் மாத்திரை. சிறுநீரோடு சோடியத்தை மட்டும் அனுப்புவதில்லை, பொட்டாசியமும் மெக்னீசியமும் கூடவே போகின்றன. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது சிறுநீர் அதிகமாகி அதுவும் மெக்னீசியத்தை இழுத்துக்கொண்டு போகும். ஆக, பெரியம்மாவின் பையில் மூன்று ஓட்டைகள். ஊரில் நான்காவதும் ஒன்று உண்டு, அது ஆண்களுக்கு. சாராயமும் பிராந்தியும் சிறுநீரகத்தை மெக்னீசியத்தைப் பிடித்துவைக்க விடுவதில்லை, குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. வாரக் கடைசியில் நிறையக் குடித்துவிட்டுத் திங்கட்கிழமை இதயம் தாறுமாறாக ஓட வந்து நிற்பவர்களைப் பார்த்து, 1978-இல் அமெரிக்காவில் எட்டிங்கர் என்பவர் 'விடுமுறை இதயம்' என்றே பெயர் வைத்தார். நம் கொம்யூனில் சாராயக்கடைக்கு விடுமுறை நாள் வரவேண்டும் என்றில்லை.

ஐந்தாவதாகத் தண்ணீர். போர் தண்ணீரின் உப்புக் கரிப்பில் கால்சியத்தோடு மெக்னீசியமும் இருந்தது. ஆர்.ஓ. கேன் தண்ணீரில் அது ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் இஸ்ரேலில், அந்தத் தண்ணீர் போகும் பகுதிகளிலிருந்து மாரடைப்போடு வந்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்ததாக ஆய்வாளர்கள் எழுதி, தண்ணீரில் மெக்னீசியம் சேர்க்கலாமா என்று விவாதித்தார்கள். காரணம் அதுதான் என்று நிறுவப்படவில்லை. கரிக்கும் தண்ணீரைத் திரும்பக் குடியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், அதில் வேறு தொல்லைகள் இருக்கலாம். தட்டில் அதை ஈடுகட்டலாம்.

கேவுருக் கூழ் அதற்குக் கைகண்ட வழி. கேழ்வரகில் நூறு கிராமுக்கு 140 மில்லிகிராம் அளவுக்கு மெக்னீசியம், கம்பில் அதைவிடச் சற்றுக் குறைவு. தீட்டிய பச்சரிசியில் 20-ஐ ஒட்டித்தான். தவிட்டோடு போய்விடுகிறது. ஒரு கை வேர்க்கடலையில் 50 கிடைக்கும். பச்சைப்பயறு, உளுந்து, எள், கீரை எல்லாவற்றிலும் நன்றாகவே உண்டு. ஒரு நாளைக்குத் தேவை பெண்களுக்கு 300-க்கு மேல், ஆண்களுக்கு 400-ஐ ஒட்டி. ஆடிக்குக் கோயிலில் ஊற்றுகிற கூழைப் பெரியம்மா வாரம் மூன்று நாள் வீட்டிலேயே காய்ச்சினால் பாதி வேலை முடிந்துவிடும். சுகர் உள்ளவர் என்பதால் அளவு பார்த்துத்தான்.

இவ்வளவுக்குப் பிறகு, கடை அலமாரி.

டப்பாவில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பக் கூடாது. மெக்னீசியம் தனியாக மாத்திரையாவதில்லை, எப்போதும் இன்னொன்றோடு கட்டிக்கொண்டுதான் வருகிறது. எடையில் எவ்வளவு மெக்னீசியம் என்பது அந்தத் துணையைப் பொறுத்தது. ஆக்ஸைடில் நூற்றுக்கு 60. சிட்ரேட்டில் 16. கிளைசினேட்டில் 14. டாரேட்டில் 9. "மெக்னீசியம் கிளைசினேட் 1000" என்று போட்டிருந்தால் உள்ளே மெக்னீசியம் 140 மில்லிகிராம்தான். பின்பக்கம் சின்ன எழுத்தில் 'தனிம மெக்னீசியம்' என்ற பொருளில் ஓர் எண் இருக்கவேண்டும். அது இல்லாத டப்பாவை நான் வாங்கமாட்டேன். ஐரோப்பாவில் தனிமத்தின் அளவையே எழுதவேண்டும் என்பதால் பேரன் கொண்டு வந்ததில் 300 என்றால் 300 தான்.

ஆக்ஸைடு மலிவு, எண்ணும் பெரிதாகத் தெரியும். ஆனால் தண்ணீரில் கரையாது, வயிற்று அமிலத்தில்தான் கரையவேண்டும். கரைந்ததிலும் கொஞ்சமே ரத்தத்துக்குப் போகும், மிச்சம் குடலில் நீரை இழுத்துப் பேதியாகும். கேஸ் கேப்சூல் போட்டு அமிலத்தை அடக்கி வைத்திருப்பவருக்கு ஆக்ஸைடைக் கொடுப்பது பொருத்தமே இல்லை. சேலத்தில் ஏற்காட்டு மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டி எடுக்கிறார்களே, பக்கத்து ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். அந்தக் கல்லைச் சுட்டால் கிடைப்பதும் இதே ஆக்ஸைடுதான். இரும்பு உருக்கும் உலையின் உள்சுவருக்குப் பூசுவார்கள். அவ்வளவு பிடிவாதமான பொருள் அது. அலை படம் போட்ட கடல் மெக்னீசியமும் பெரும்பாலும் ஆக்ஸைடும் ஹைட்ராக்ஸைடும் கலந்ததே. கடலிலிருந்து வந்தது என்பதால் உடம்புக்கு வேறு எதுவும் ஆகிவிடாது. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்பு நீரும் கடல் மெக்னீசியம்தான்.

சிட்ரேட் கரையும், நன்றாக உறிஞ்சப்படும், வயிற்றைச் சற்று இளக்கும். மலச்சிக்கல் உள்ளவருக்கு அது வசதி. கிளைசினேட் வயிற்றுக்குச் சாது, விலை கூட. இதயத்துக்கென்றே என்று விற்கும் டாரேட், ஓரோடேட் இவற்றுக்குத் தாளத்தைச் சரிசெய்யும் தனித்திறமை இருப்பதாக நம்பும்படி பெரிய ஆய்வு எதையும் நான் பார்க்கவில்லை. உறிஞ்சப்பட்ட பிறகு இதயத்துக்குப் போய்ச் சேர்வது எல்லாவற்றிலும் ஒரே மெக்னீசியம். ஆகவே டீச்சர் சொன்னதும் தவறில்லை, சிட்ரேட்டும் தவறில்லை. உரக்கடை மெக்னீசியம் சல்பேட்டை மட்டும் யாரும் வாயில் வைக்கவேண்டாம். பேதி உப்பு என்ற பெயரில் பழகியதுதான், ஆனால் மூட்டையில் வருவது பயிருக்கானது, அதில் வேறென்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

மாத்திரையாக ஒரு நாளைக்கு 350 மில்லிகிராமைத் தாண்டவேண்டாம் என்பது அமெரிக்க அளவு, ஐரோப்பாவில் 250. தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளோடு சேர்த்து விழுங்கினால் குடலிலேயே ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொள்ளும், நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய நிபந்தனை சிறுநீரகம். அதிகப்படி மெக்னீசியத்தை வெளியேற்றும் ஒரே வழி அதுதான். பழுதான சிறுநீரகம் உள்ளவருக்குச் சாதாரண மாத்திரையே பிரசவ வார்டின் ஊசியாக மாறிவிடலாம், முழங்காலைத் தட்டிப் பார்க்க ஆள் இல்லாமல். பத்துப் பன்னிரண்டு ஆண்டு சுகரும் பிரஷரும் உள்ளவர் கிரியாட்டினின் பார்க்காமல் இதைத் தொடங்கவே கூடாது.

பெரியம்மாவை மறுவாரம் அழைத்துப் போனோம், மஞ்சள் பையோடு. டாக்டர் ஒவ்வோர் அட்டையாக மேசையில் அடுக்கினார். ஈசிஜியில் மேலறை ஒழுங்காக இருந்தது, கூடுதல் துடிப்பு மட்டும். கிரியாட்டினின் சரியான அளவு. பொட்டாசியம் 3.3, சற்றுக் குறைவு. மெக்னீசியம் 1.3, குறைந்தபட்சம் 1.7 இருக்கவேண்டிய இடத்தில். கேப்சூலை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கிப் பிறகு நிறுத்தச் சொன்னார். திடீரென்று நிறுத்தினால் அமிலம் பொங்கி, கேஸ் திரும்பிவிட்டதென்று அவரே மறுபடி வாங்கிவிடுவார் என்பதால். நீர் மாத்திரையைப் பொட்டாசியம் போகாத வகைக்கு மாற்றினார். ஒரு மாதத்துக்கு சிட்ரேட், சாப்பாட்டுக்குப் பின். பாரிஸ் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வெச்சிருங்கம்மா, இப்ப வேணாம்" என்று பையிலேயே போட்டார்.

ஆறு வாரம் கழித்து மெக்னீசியம் 1.8. படபடப்பு அடியோடு போய்விடவில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, முக்கியமாக இரவு படுக்கும்போது, அந்த எகிறல் வருகிறது. வந்தால் எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து எண்ணுகிறார். எண்ணியதைப் பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் குறித்து வைக்கிறார்.